கேரளாவை விடப் பெரிய மாவட்டம்!
கட்ச் பிரயாணத்துக்குத் திட்டம் போடுவது எப்படி?

கேரள மாநிலம் முழுவதையும் தூக்கி உள்ளே வைத்தாலும், சுற்றிலும் இடம் மீதி இருக்கும். அப்படி ஒரு மாவட்டம் குஜராத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. அதன் பெயர் கட்ச்.

அதன் பரப்பு 45 ஆயிரத்து 674 சதுர கி.மீ. இந்தியாவிலேயே பெரிய மாவட்டம் இதுதான். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

ஆனால் ஜனத்தொகை? 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி 20 லட்சத்து 92 ஆயிரம் பேர். அதே கணக்கில் கேரளாவில் 3 கோடியே 34 லட்சம் பேர் இருந்தார்கள். ஒரு சதுர கி.மீ.க்கு தமிழ்நாட்டில் 555 பேர். கட்சில் 46 பேர். இந்த 46 கூட சராசரிதான். பூஜ், காந்திதாம், அஞ்சார், மாண்ட்வி, முந்த்ரா போன்ற ஊர்களைக் கழித்து விட்டால் மிஞ்சுவது வெறும் வெளி. உப்பு, புல், முள், வானம்.

மும்பையிலும், சூரத்திலும், வாபியிலும், ஆமதாபாத் மணிநகரிலும் நெருக்கடியில் வாழும் தமிழர்களுக்கு இந்த வெளியை ஒரு தடவை பார்த்து விட வேண்டும் என்று ஆசை வருவது இயற்கை. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், மேலதிகாரியிடம் கெஞ்சி வாங்கிய லீவு, இரண்டையும் போட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. திட்டம் தப்பினால் இரண்டும் கார் ஜன்னல் வழியே போய் விடும். பார்த்தது ரோடு மட்டும்தான் என்று திரும்பி வந்தவர்கள் உண்டு.

வரைபடம் ஏமாற்றும்

கட்ச் வரைபடத்தை விரித்தால் பார்க்க வேண்டிய இடங்கள் ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது போலத் தெரியும். அப்படி நினைத்து, "காலையில் கோடேஸ்வர், மதியம் வெள்ளை ரண், இரவு தோலாவிரா" என்று எழுதி வைப்பவர்கள் பலர். அது நடக்காத காரியம்.

காரணம், பூஜ் நகரம் ஒரு வண்டிச் சக்கரத்தின் குடம் போல நடுவில் இருக்கிறது. சாலைகள் ஆரக்கால்கள் போல அங்கிருந்து பிரிகின்றன. ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போக வேண்டுமானால், பெரும்பாலும் பூஜ் பக்கம் திரும்பி வந்துதான் போக வேண்டும். வெள்ளை ரண் இருக்கும் தோர்டோ வடக்கே சுமார் 85 கி.மீ. மேற்கே நாராயண் சரோவர் சுமார் 150 கி.மீ. தெற்கே மாண்ட்வி 60 கி.மீ. கிழக்கும் வடக்கும் சேரும் மூலையில் தோலாவிரா.

சாலைகள் மோசமில்லை. பல இடங்களில் நேர்க்கோடு போல ஓடும். ஆனால் வழியில் ஒன்றும் இருக்காது. ஐம்பது கி.மீ. தூரத்துக்கு ஒரு டீக்கடை கூடக் கண்ணில் படாமல் போகலாம். திடீரென்று எருமை மந்தை சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆரன் அடித்தால் அவை திரும்பிக் கூடப் பார்க்காது.

இன்னொரு விஷயம் வெளிச்சம். கட்ச் நாட்டின் மேற்குக் கோடி என்பதால், பொங்கல் சமயத்தில் பூஜில் சூரியன் உதிக்கவே காலை ஏழரை மணி தாண்டும். சென்னையை விட ஒரு மணி நேரம் தாமதம். மாலை ஆறரைக்குள் மறைந்து விடும். கையில் இருப்பது பதினோரு மணி நேரம் கூட இல்லை. இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் பழக்கமில்லாதவர்கள் வண்டி ஓட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. எனவே கி.மீ. கணக்கை விட வெளிச்சக் கணக்கே முக்கியம். ஒரு நாளைக்கு ஒரு திசை. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

மும்பையிலிருந்தே காரா?

சொந்தக் கார் வாங்கியவர்களுக்கு அதை ஓட்டிப் பார்க்க ஆசை இருக்கும். மும்பையிலிருந்து பூஜ் சுமார் 850 கி.மீ. போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். ஐந்து நாள் லீவில் மூன்று நாள் நெடுஞ்சாலையிலேயே கழிந்து விடும். அதிலும் மாளியாவைத் தாண்டி, சூரஜ்பாரி பாலம் வழியாகக் கட்சுக்குள் நுழையும் போது, காண்ட்லா, முந்த்ரா துறைமுகங்களுக்குச் செல்லும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்.

மும்பையிலிருந்து சூரத், வதோதரா, ஆமதாபாத் வழியாகப் பூஜுக்கு இரவு ரயில்கள் ஓடுகின்றன. மாலையில் ஏறிப் படுத்தால் காலையில் பூஜ். அங்கே இறங்கி வாடகைக் கார் பிடிப்பதே மேல். ஆமதாபாத்காரர்கள் வேண்டுமானால் காரில் போகலாம். அவர்களுக்கு 330 கி.மீ.தான், விடியற்காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பூஜ்.

எந்த மாதம்?

ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை ரண் என்பது தரை அல்ல, தண்ணீர். கடல் நீரும் ஆற்று வெள்ளமும் மழையும் பரவி நிற்கும். அது வற்றி உப்புப் பூத்து வெளுக்க நவம்பர் ஆகி விடும். மார்ச் பிறந்தால் வெயில் கொளுத்தத் தொடங்கும். ஆக, நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம்.

தீபாவளிக்குச் சூரத்தில் ஜவுளிக் கடைகளும் வைரப் பட்டறைகளும் நீண்ட விடுமுறை விடுவதால், அப்போது போகலாமே என்று தோன்றும். ஆனால் தீபாவளிக்கு மறுநாள் குஜராத்திகளுக்குப் புத்தாண்டு. லாப பஞ்சமி வரையில் பல கடைகள் திறக்காது. இருக்கும் ஓட்டல்களிலோ கூட்டம் தாங்காது. உப்பும் சரியாகக் காய்ந்திருக்காது.

பொங்கல்தான் சரியான சமயம். நம் பொங்கல் நாள் குஜராத்தில் உத்தராயணம். பட்டம் விடும் திருநாள். ஜனவரி 14-ம் தேதியும், மறுநாளும் பெரும்பாலான இடங்களில் வேலை நடக்காது. முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் லீவு போட்டால் நான்கு நாள் கைக்கு வருகிறது. குளிர் மட்டும் கடுமை. இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். கட்சில் உள்ள நலியா என்ற ஊர்தான் குஜராத்திலேயே அதிகக் குளிர் என்று குளிர்காலத்தில் அடிக்கடி பத்திரிகையில் அடிபடும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் கம்பளியை மறக்கக் கூடாது.

வடக்கே ஒரு நாள்

பூஜிலிருந்து வடக்கே போனதும் வருவது பன்னி புல்வெளி. (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம்.) ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்று என்று சொல்லப்பட்ட இந்த இடத்தில், இன்று ராமநாதபுரத்துக்காரர்களுக்கும் விருதுநகர்க்காரர்களுக்கும் நன்கு தெரிந்த ஒரு முகம் தென்படும். சீமைக் கருவேலம்! உப்புத் தரை பரவுவதைத் தடுக்க 1960-களில் இங்கே விதைத்தார்கள். உப்பு நின்றதோ இல்லையோ, முள் நிற்கவில்லை. புல்லைத் தின்று விட்டது. எருமை வளர்க்கும் மால்தாரிகள் அதைத் திட்டிக்கொண்டே, அதை வெட்டிக் கரி போட்டும் பிழைக்கிறார்கள். நம் ஊர்க் கதையேதான்.

வழியில் பிரந்தியாரா என்ற ஊர்ச் சோதனைச் சாவடியில் வெள்ளை ரண்ணுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இன்டர்நெட்டிலும் வாங்கலாம். பாகிஸ்தான் எல்லைக்கு அருகில் உள்ள பகுதி என்பதால் இந்த ஏற்பாடு. ஆதார் போன்ற அடையாள அட்டை, அசலும் நகலும், குடும்பத்தில் அனைவருக்கும் வேண்டும். பிள்ளைகளின் அட்டையை வீட்டில் வைத்து விட்டு வருபவர்கள்தான் இங்கே திண்டாடுவார்கள்.

காலையில் காலோ துங்கர். அதாவது கருமலை. கட்சின் மிக உயரமான இடம். உயரம் 460 மீட்டர் அளவுதான். ஏற்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது மலையே அல்ல. ஆனால் மேலே நின்று வடக்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. உச்சியில் தத்தாத்ரேயர் கோவில். நரிகளுக்குப் பிரசாதச் சோறு வைக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு.

பிறகு தோர்டோ. மாலை நாலரை மணிக்கு அங்கே இருந்தால் போதும். நடுப்பகலில் போனால் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்க முடியாது. வெயில் சாய்ந்ததும் உப்பு மஞ்சளாகி, சிவந்து, நீலமாகும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களைப் பார்த்தவர்கள் கூட இதைக் கண்டு வாயடைத்து நிற்பார்கள். அங்கே பாத்தி கட்டி உப்பு எடுக்கிறார்கள். இங்கே பாத்தியும் இல்லை, கரையும் இல்லை.

குளிர்காலத்தில் இங்கே "ரண் உத்சவ்" என்ற திருவிழா நடக்கிறது. அதற்காகக் கூடார நகரமே எழும்பும். அதன் வாடகை கிளார்க் சம்பளத்துக்கு ஒத்து வராது. கூடாரத்தில் தங்கினால்தான் ரண்ணைப் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அனுமதிச் சீட்டு இருந்தால் பார்த்து விட்டுத் திரும்பலாம். தங்கத்தான் வேண்டும் என்றால் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் "பூங்கா" எனப்படும் வட்டக் குடிசைகளை வாடகைக்கு விடுகிறார்கள். 2001-ம் ஆண்டு ஜனவரி 26-ம் தேதி வந்த பூகம்பத்தில் கான்கிரீட் வீடுகள் நொறுங்கிய போது, இந்த மண் குடிசைகளில் பல அசையாமல் நின்றன.

ஓர் எச்சரிக்கை. உப்புத் தரை கெட்டியாகத் தெரியும். கீழே சேறு இருக்கும். நாலு பேர் நடந்தால் தாங்கும் இடம், கார் ஏறினால் தாங்காது. "கொஞ்ச தூரம் உள்ளே போய்ப் போட்டோ எடுக்கலாம்" என்று வண்டியை இறக்கினால் சக்கரம் புதைந்து விடும். இழுக்க டிராக்டர் வர வேண்டும். எங்கிருந்து வரும்?

தோலாவிராவா, கோடேஸ்வரா?

நாலு நாள் பயணத்தில் தூரம் போக மிச்சம் இருப்பது ஒரு நாள். கிழக்கா மேற்கா என்று இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் பார்க்க நினைத்தால் இரண்டும் கெடும்.

தோலாவிரா, சிந்து சமவெளி நாகரிக நகரம். ஏறக்குறைய 5 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. ரண்ணுக்கு நடுவே காதிர் என்ற தீவுத் திட்டில் இருக்கிறது. 2021-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. முன்பெல்லாம் பச்சாவ், ராப்பர் வழியாகச் சுமார் 220 கி.மீ. சுற்றிப் போக வேண்டும். இப்போது காவ்டாவிலிருந்து ரண்ணின் குறுக்கே நேர்ச்சாலை போட்டு விட்டார்கள். தூரம் சுமார் 140 கி.மீ.யாகக் குறைந்தது. இரு பக்கமும் வெள்ளை உப்பு, நடுவில் கறுப்புச் சாலை. அந்தச் சாலையைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. வழியில் வண்டியை நடுரோட்டில் நிறுத்திப் படம் பிடிப்பவர்களால் விபத்து அபாயமும் வந்திருக்கிறது.

தோலாவிராவில் பார்க்க வேண்டியவை குளங்கள். ஆண்டில் சில நாள் மட்டும் தண்ணீர் ஓடும் இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஊரை அமைத்து, அந்த வெள்ளத்தைத் தடுத்துத் திருப்பி, நகரைச் சுற்றிக் குளம் குளமாகச் சேர்த்து வைத்தார்கள். ஒரு குளத்தின் நீளம் 70 மீட்டருக்கு மேல். இறங்கப் படிக்கட்டு. ஏரி, கண்மாய், தெப்பக்குளம் என்று வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வடக்கு வாசல் அருகே பத்துப் பெரிய எழுத்துகள் கொண்ட ஒரு பெயர்ப் பலகை கிடைத்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்று வரை உறுதியாக யாராலும் படிக்க முடியவில்லை. சிந்து எழுத்துகளைத் தொகுத்து 1977-ல் பெரும் நூல் வெளியிட்டவர் ஐராவதம் மகாதேவன். அந்த எழுத்தின் புதிரை அவிழ்ப்பவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் குடும்பம் தோலாவிராவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

வயதான தாய் தந்தையர் உடன் வந்தால்? மேற்கே போகலாம். மாதா நோ மட் என்ற ஊரில் ஆஷாபுரா தேவி கோவில். கட்ச் அரச குடும்பத்தின் குலதெய்வம். அடுத்து லக்பத் கோட்டை. சிந்து நதியின் ஒரு கிளையால் செழித்த துறைமுகம் இது. 1819-ம் ஆண்டு ஜூன் மாதம் வந்த பூகம்பத்தில் தரை மேடிட்டு, ஆற்றின் போக்கு மாறி விட்டது. தண்ணீர் போயிற்று; வியாபாரம் போயிற்று; ஜனங்களும் போனார்கள். சுமார் 7 கி.மீ. நீள மதில் மட்டும் அப்படியே நிற்கிறது. உள்ளே சில வீடுகளும், பழைய குருத்வாரா ஒன்றும் இருக்கின்றன. தனுஷ்கோடியைப் பார்த்தவர்களுக்கு அதன் ஞாபகம் வராமல் போகாது.

அங்கிருந்து நாராயண் சரோவர்; புனித நீர்நிலைகள் ஐந்தில் ஒன்று என்பார்கள். பக்கத்திலேயே, கடல் ஓரத்தில் கோடேஸ்வர் சிவன் கோவில். நாட்டின் மேற்குக் கரை முடியும் இடத்துக்கு அருகில் நிற்கும் சிவன். ராமேஸ்வரம் பார்த்த பெரியவர்களுக்கு அதுவே போதும். போக வரச் சுமார் 320 கி.மீ. காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்பி விட வேண்டும்.

வாடகைக் கார் கணக்கு

கார்க்காரர் கி.மீ.க்கு இவ்வளவு என்று சொல்வார். அதோடு விட்டு விடக் கூடாது. "ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை கி.மீ.?" என்று கேட்க வேண்டும். 250 அல்லது 300 கி.மீ.க்குக் குறையாமல் பணம் வாங்குவது வெளியூர்ப் பயணங்களில் வழக்கம். மாண்ட்விக்குப் போய் வர 120 கி.மீ.தான். ஆனாலும் முழுக் குறைந்தபட்சத்துக்கும் பணம் போகும். ஆகவே வடக்குக்கும், தோலாவிரா அல்லது கோடேஸ்வருக்கும் மட்டும் இரண்டு நாள் கார். மாண்ட்விக்கு அரசு பஸ்சே போதும். பூஜிலிருந்து அடிக்கடி ஓடுகிறது. மரக்கப்பல் கட்டும் துறையும், கடற்கரையும் பார்த்து விட்டுச் சாயங்காலம் திரும்பலாம். இதிலேயே ஒரு நாள் வாடகை மிச்சம்.

டிரைவர் பேட்டா, இரவுப் படி, பார்க்கிங் கட்டணம் யாருடையது என்பதையும் முதலிலேயே பேசி ஒரு சீட்டில் எழுதிக்கொள்வது நல்லது. மஞ்சள் நம்பர் பலகை உள்ள வண்டிதான் வேண்டும். "தெரிந்தவர் கார், விலை குறைவு" என்று வெள்ளைப் பலகை வண்டியில் ஏறினால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

ஜனவரி 14-ம் தேதி கார் வேண்டும் என்றால் இன்னும் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். அன்று டிரைவருக்கும் வீடு உண்டு, மொட்டை மாடி உண்டு, பட்டம் உண்டு!

தண்ணீர், டீசல், பாட்டில்

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிதண்ணீர் என்று கணக்கிட்டு, காலையிலேயே வண்டியில் ஏற்றி விட வேண்டும். குளிர்காலம்தானே என்று குறைக்கக் கூடாது. உப்புக் காற்று தொண்டையை வறட்டும். டாங்கியை ஒவ்வொரு நாள் காலையிலும் பூஜிலேயே நிரப்பச் சொல்ல வேண்டும். ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று டிரைவர் தலையாட்டினால் போதாது. தட்டிப் பார்க்க வேண்டும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பூஜ்தான் வர வேண்டும். செல்போன் பல இடங்களில் வேலை செய்யாது. வழிகாட்டும் வரைபடத்தை முதல் நாள் இரவே போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். சில்லறை நோட்டுகளும் வேண்டும். பெண்களுக்குக் கழிப்பிட வசதி பெரிய ஊர்களிலும், பார்வையிடங்களிலும்தான் கிடைக்கும். அதற்குத் தக்கபடி வண்டியை நிறுத்த வேண்டும். இதை ஆண்கள்தான் அடிக்கடி மறக்கிறார்கள்.

இன்னொன்று. குஜராத்தில் மதுவிலக்கு. வாபியில் இருப்பவர்கள் பக்கத்தில் உள்ள டாமனிலிருந்து "ஒன்றே ஒன்று" என்று பைக்குள் போட்டுக்கொண்டு வருவது தெரிந்த விஷயம். எல்லைப்புற மாவட்டத்தில் சோதனைச் சாவடிகள் அதிகம். பிடிபட்டால் ஆளோடு வண்டியும் போலீஸ் நிலையம் போகும். உடன் வந்த குடும்பம் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கம்பு ரொட்டி, வெல்லம், வெண்ணெய், மோர். கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு ருசி தெரியும். மாண்ட்வியில் பிறந்த தாபேலியைப் பிள்ளைகள் விட மாட்டார்கள். இட்லிதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் பூஜை விட்டு வெளியே போகாதிருப்பது எல்லோருக்கும் நல்லது. இந்தி தெரிந்தால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பஸ் பலகைகள் குஜராத்தி எழுத்தில் இருக்கும். தலைக்கோட்டை எடுத்து விட்ட இந்தி எழுத்து என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், முக்கால்வாசி படித்து விடலாம்.

நாட்கணக்கு

சூரத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதுபவர், மனைவி, இரு பிள்ளைகள், தாயாருடன் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 12-ம் தேதி இரவு ரயில். 13-ம் தேதி பூஜில் ஓய்வு. பிற்பகலில் பூகம்ப நினைவிடமான ஸ்மிருதிவனம். 2022-ல் திறக்கப்பட்ட இந்த இடத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். 14-ம் தேதி காரில் வடக்கு. 15-ம் தேதி காரில் மேற்கு, தாயாருக்காக. 16-ம் தேதி பஸ்சில் மாண்ட்வி, இரவு ரயில். 17-ம் தேதி சூரத். தோலாவிரா இந்தத் தடவை இல்லை.

ரயில் டிக்கெட் முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாள் முன்பு தொடங்குகிறது. ஜனவரி 12-ம் தேதிக்கு நவம்பர் 13-ம் தேதி காலை 8 மணிக்கு. திரும்பும் டிக்கெட்டுக்கு நவம்பர் 17. உத்தராயண நெரிசலில் படுக்கை வசதி வேகமாகத் தீர்ந்து விடும். எனவே லீவு மனுவை அதற்கு முன்பே எழுதிக் கொடுத்து விட வேண்டும்.